சட்டக் கல்வியின் வாயில்: பதிவும் தேர்வு நாளும்

(தோட்டப் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சுகாதாரம், சேமிப்பு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசியிருக்கிறோம். இன்று சற்று வேறான பொருளை எடுத்துக்கொள்கிறோம். சட்டம் பயில விரும்பும் பிள்ளைகள் சிங்கப்பூரில் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வைப் பற்றியது அது. தேர்வில் என்ன கேட்கப்படும் என்பதைச் சுருக்கமாகவும், தேர்வுக்கு எவ்வாறு பதிவு செய்வது, தேர்வு நாளை எவ்வாறு குறித்துக்கொள்வது என்பதை விரிவாகவும் சொல்ல இருக்கிறோம்.

இதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தகவல் பணிக்கு வந்த நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். படிப்பில் பின்தங்கி வாய்ப்பை இழக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நன்கு படித்தும், ஒரு பாரத்தை நாள் தவறி அனுப்பியதால் வாய்ப்பை இழக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். முதல் இழப்பைத் தடுக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். இரண்டாம் இழப்பைத் தடுக்க ஒரு நாட்காட்டியும் சிறிது கவனமும் போதும். அந்தக் கவனத்தைப் பெற்றோராகிய நீங்கள் தர முடியும். ஆங்கிலம் அறியாத தாயும் தர முடியும். இன்றைய உரையின் சாரம் இதுவே.

சட்டம் நமக்கு எதற்கு?

உளி பிடித்து மரம் வெட்டுகிறவர் குடும்பத்திற்கும் சட்டக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நமது அன்றாட வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் செய்யப்படும் ஊழியர் சேமநிதி ஒரு சட்டத்தின் கீழ் வருவது. வேலையில் அடிபட்டால் கிடைக்கும் சொக்சோ உதவி ஒரு சட்டத்தின் கீழ் வருவது. குடியிருக்கும் வீட்டின் குறைந்தபட்ச வசதிகளைக் கூறுவதும் ஒரு சட்டமே. இத்தனை சட்டங்களுக்கு நடுவே வாழ்கிற நாம், அவற்றைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை வீட்டில் இல்லாமல், பிறர் சொல்வதையே நம்பி வாழ்கிறோம்.

சட்டம் படித்த ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் வரலாறே சான்று. 1952ஆம் ஆண்டில் அங்கே தபால்காரர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பொழுது இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ, அவர்களின் சங்கத்திற்குச் சட்ட ஆலோசகராக நின்றார். தபால்காரர்களுக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. பின்னர் அவர் சிங்கப்பூரின் முதல் பிரதமராக உயர்ந்ததை யாவரும் அறிவோம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவரையும் இங்கே நினைவுகூர்வோம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான சி. இராஜரத்தினம் 1915ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வைப் பணி செய்தவர். இராஜரத்தினம் 1930களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சட்டம் படிக்கச் சென்றார். உலகப் போர் மூண்டது. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பட்டம் பெறாமலே பத்திரிகைத் துறைக்குச் சென்றார். அறிவில் குறையின்றியும் சூழ்நிலையால் ஒரு படிப்பு கை நழுவக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. போரை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் தேதி தவறுவதை நிச்சயம் தடுக்கலாம்.

சிங்கப்பூரில் சட்டக் கல்வி வந்த வரலாறு

முற்காலத்தில் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ சட்டப் பட்டம் பெற வழியில்லை. வழக்கறிஞராக விரும்பியவர் கப்பலேறி இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். ஆகவே வசதி படைத்த குடும்பங்களே அதை நினைத்துப் பார்த்தன. 1957ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. முதல் அணியினர் 1961இல் பட்டம் பெற்றனர். அந்த அணியில் ஒருவரான சான் செக் கியோங் ஈப்போவில் பிறந்தவர். 2006 முதல் 2012 வரை சிங்கப்பூரின் தலைமை நீதிபதியாக விளங்கினார். 1963இல் பட்டம் பெற்ற தமிழரான எஸ். ஜெயக்குமார் பின்னர் அதே சட்டத்துறையின் தலைவராகவும், 1988 முதல் 2008 வரை சிங்கப்பூரின் சட்ட அமைச்சராகவும் பணியாற்றினார்.

அந்தப் பல்கலைக்கழகத்திற்கும் உழைக்கும் தமிழர்க்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அங்கு 1956ஆம் ஆண்டில் இந்திய ஆய்வியல் துறை தோன்றிய காலத்தில், தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். செல்வர்கள் மட்டுமன்றி உழைப்பாளிகளும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். எனவே பல்கலைக்கழகம் என்பது யாரோ எட்டத்தில் இருப்பவர்களுடைய இடம் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

அந்த நிறுவனமே 1980 முதல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. 2007இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும், 2017இல் இன்று சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்திலும் சட்டக் கல்வி தொடங்கியது. மூன்றாவதாகச் சொல்லப்பட்டது குற்றவியல் சட்டத்திலும் குடும்பச் சட்டத்திலும் தனிக் கவனம் செலுத்துவது. வேறு வேலை பார்த்துவிட்டுச் சட்டம் பயில வருவோரையும் வரவேற்பது.

மலேசிய மாணவர்க்கு மற்றொரு செய்தியும் உண்டு. நமது நாட்டின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம், மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தோடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தையும் தகுதியாகப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆகையால் அப்பட்டம் பெற்றுத் திரும்புகிறவர், வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் எழுத வேண்டியிருக்கும் சி.எல்.பி. தேர்வை எழுத வேண்டியதில்லை. ஒன்பது மாதத் தொழிற்பயிற்சி போன்ற மற்ற விதிமுறைகளை நிறைவு செய்து இங்கேயே வழக்கறிஞராகலாம்.

இரு வகைத் தேர்வுகள்

இப்பொழுது தேர்வுக்கு வருவோம். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகள் இரு வகைப்படும். இவ்விரண்டையும் பிரித்து அறியாததே பல குழப்பங்களுக்குக் காரணம்.

முதல் வகையில், நாளைப் பல்கலைக்கழகமே குறிக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நிர்வாகப் பல்கலைக்கழகமும் விண்ணப்பித்தவர்களில் சிலரை மதிப்பெண் முதலியவற்றைக் கொண்டு தெரிவு செய்கின்றன. அவ்வாறு தெரிவானவர்களையே எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அழைக்கின்றன. இதற்கெனத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பமே பதிவு ஆகும். ஆனால் அழைப்பு மின்னஞ்சலில் வரும்; அதில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும்; பதில் அளிக்கவும் ஒரு கெடு இருக்கும். மின்னஞ்சலைத் திறந்து பார்க்காத பிள்ளைக்கு அழைப்பு வந்தும் வராததே.

இரண்டாம் வகையில், நாளை மாணவரே குறித்துக்கொள்ள வேண்டும். 'எல்நாட்' எனப்படும் சட்ட நுழைவுத் தேர்வு இவ்வகையைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட இத்தேர்வை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், இலண்டன் கிங்ஸ் கல்லூரி போன்றவை கேட்கின்றன. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியும் தொடங்கிய காலத்தில் இதைத் தன் சேர்க்கை முறையில் சேர்த்துக்கொண்டது. பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் மையங்களில் இது கணினி வழியாக நடைபெறுகிறது. சிங்கப்பூரில் மட்டுமன்றி நமது நாட்டிலும் மையம் உண்டு. எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி எந்தத் தேர்வைக் கேட்கிறது என்பதை அக்கல்லூரியின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

முதல் வகையில் நாள் நம்மைத் தேடி வருகிறது. இரண்டாம் வகையில் நாளை நாம் தேடிச் செல்ல வேண்டும். இரண்டிலும் விழிப்பாக இருப்பவர்க்கே வாயில் திறக்கும்.

பதிவு செய்தல்

எல்நாட் தேர்வுக்கான பதிவு ஆகஸ்டு மாதம் முதல் தேதி தொடங்குகிறது. தேர்வுகள் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை நடைபெறுகின்றன. இதனை ஒரு சுற்று என்போம். ஒரு சுற்றில் ஒரு முறை மட்டுமே தேர்வு எழுதலாம். இம்முறை சரியாக எழுதவில்லை, அடுத்த மாதம் மீண்டும் எழுதுவோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்தச் சுற்றில் பெற்ற மதிப்பெண் அடுத்த ஆண்டு விண்ணப்பத்திற்கும் செல்லாது. ஆகவே அந்த ஒரு நாளை எண்ணித் துணிந்து குறிக்க வேண்டும்.

பதிவுக்கு வேண்டிய பொருள்கள் நான்கு: ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடப்பிதழ், இணையவழி பணம் செலுத்தக்கூடிய ஒரு வங்கி அட்டை, மறைச்சொல்லை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு.

மின்னஞ்சல் முகவரி மாணவருடையதாகவே இருத்தல் வேண்டும். அண்ணனுடைய முகவரியையோ கடைக்காரருடைய முகவரியையோ கொடுத்தால், செய்தி அங்கே சென்று அங்கேயே உறங்கிவிடும். வேண்டாத மடல்கள் சேரும் பகுதியையும் வாரம் இருமுறை திறந்து பார்க்கப் பழக்குங்கள்.

கடப்பிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வு மையத்தில் அடையாளப் பத்திரத்தைக் காட்டினால்தான் உள்ளே செல்ல முடியும். பதிவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்க்கு இடர் நேர்கிறது. நமது பத்திரங்களில் பிள்ளையின் பெயர், பிறகு 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு தந்தையின் பெயர் என்ற வரிசை இருக்கிறது. சிங்கப்பூரில் இதற்கு ஈடாக 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று எழுதும் வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பாரங்களோ முதற்பெயர் என்றும் குடும்பப் பெயர் என்றும் இரண்டு கட்டங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்கின்றன. தமிழர்க்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு பிள்ளை தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறது. மற்றொரு பிள்ளை தன் பெயரையே இரு கட்டங்களிலும் எழுதுகிறது. வேறொரு பிள்ளை பள்ளியில் வழங்கும் சுருக்கப் பெயரை எழுதிவிடுகிறது. சாய்கோட்டை ஏற்காத கணினிப் பாரங்களும் உண்டு.

இதற்கு வழி என்ன? கடப்பிதழில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே எழுத்தில் அதே வரிசையில் நிரப்ப வேண்டும். கட்டம் இடம் கொடுக்காவிடில், பதிவு முடிந்த உடனேயே தேர்வு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு நாளன்று வாயிலில் நின்று விளக்கம் சொல்வதில் பயனில்லை. பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் எழுத்து வேறுபாடு இருந்தால், அதைத் திருத்துவதற்குக் காலம் பிடிக்கும். பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே இவற்றை எடுத்து வைத்து ஒத்துப் பாருங்கள். இவ்வேலையைப் பெற்றோர் செய்யலாம். இதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்திற்கும் வெளியே எழுதுவோர்க்கு அண்மைய ஆண்டுகளில் 120 பவுண்டு கேட்கப்பட்டுள்ளது. தோட்டக் குடும்பத்திற்கு இது சிறு தொகை அன்று. ஆதலால் இத்தேர்வைக் கேட்காத கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை இதை எழுத வேண்டியதே இல்லை. நண்பன் எழுதுகிறான் என்பதற்காக எழுத வேண்டாம். வங்கி அட்டை இல்லாதவர் நம்பிக்கைக்குரிய ஆசிரியர் அல்லது உறவினர் துணையை நாடலாம். பதிவு செய்து தருகிறோம், இடம் வாங்கித் தருகிறோம் என்று கூறும் ஏஜண்டுகளிடம் பணத்தையும் கடப்பிதழையும் கொடுத்து ஏமாற வேண்டாம். பதிவுக்கு ஏஜண்டு தேவையில்லை.

இன்னொரு குறிப்பு. கணக்குத் திறப்பது ஒரு வேலை. தேர்வு நாளைக் குறித்துப் பணம் கட்டுவது மற்றொரு வேலை. பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்பது மூன்றாவது வேலை. உபகாரச் சம்பளத்திற்கு மனுச் செய்வது நான்காவது வேலை. ஒன்றைச் செய்தால் மற்றவை தாமே நடந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. நாள் குறித்து உறுதிச் செய்தி மின்னஞ்சலில் வந்த பின்னரே, தேர்வுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

நாள் குறித்தல்

மரம் வெட்டும் நமக்கு நேரத்தின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பின் அதே மரம், அதே உளி, அதே கை. ஆயினும் பால் குறைந்துவிடும். தேர்வு நாளைக் குறிப்பதும் அப்படிப்பட்டதே.

முதலாவது, பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் இறுதி நாள் எது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்களுக்கு அக்டோபர் 15 இறுதி நாளாக இருந்து வருகிறது. அதற்குள் தேர்வையும் எழுதி முடித்திருக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும் இறுதி நாள் அதற்கும் முன்னரே வந்துவிடும். மற்றக் கல்லூரிகளின் நாள்கள் வேறுபடும். இறுதி நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாவது தேர்வு நாளை வைத்துக்கொண்டால், இடையில் காய்ச்சல் வந்தாலும் மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.

இரண்டாவது, மையத்தில் இருக்கைகள் குறைவு. எல்லாரும் கடைசி வாரத்தை நாடும்போது இடம் தீர்ந்துவிடும். ஆகஸ்டிலேயே குறிப்பவர்க்கு நல்ல நாளும் நல்ல நேரமும் கிடைக்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மற்ற நாள்களோடு மோதாமல் பார்க்க வேண்டும். பள்ளித் தேர்வுகள், எஸ்.டி.பி.எம்., மூவெட் ஆகியவற்றின் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். தீபாவளியை ஒட்டிய நாள்களையும் பள்ளி விடுமுறைத் தொடக்கத்தையும் தவிர்ப்பது நன்று. அந்நாள்களில் ஜொகூர்ப் பாலத்தில் ஏற்படும் நெரிசலை நீங்கள் அறிவீர்கள்.

தேதி மோதல் சிறு செய்தி என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் ஒருகாலத்தில் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தி வந்தன. ஒரு கல்லூரியின் தேர்வும் மற்றொன்றின் தேர்வும் அடுத்தடுத்தோ ஒரே சமயத்திலோ வந்ததால் மாணவர்கள் அல்லலுற்றனர். 2006ஆம் ஆண்டில் ஒரு மாணவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் பின்னர் அக்கல்லூரிகள் கூடிப் பேசி, 2008 முதல் 'கிளாட்' என்னும் பொதுத் தேர்வை நடத்தத் தொடங்கின. சட்டம் படிக்கப் போன மாணவர், படிப்பைத் தொடங்கும் முன்னரே சட்டத்தின் வழியில் நீதி தேடியது குறிப்பிடத்தக்கது.

நான்காவது, நாளை மாற்ற வேண்டுமாயின் முன்கூட்டியே மாற்ற வேண்டும். தேர்வுக்குச் சில வேலை நாள்களுக்கு முன்புவரையே மாற்றவோ நீக்கவோ அனுமதிப்பார்கள். அந்தக் கெடுவை உறுதிச் செய்தியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெடு கடந்த பின் வராமல் இருந்தால், கட்டிய பணம் போனதுதான்.

தேர்வில் என்ன இருக்கிறது?

எல்நாட் இரண்டேகால் மணி நேரத் தேர்வு. முதற்பகுதியில் 12 பத்திகளும் அவற்றின் மீது 42 வினாக்களும் இருக்கும். நேரம் 95 நிமிடம். ஒரு வினாவுக்கு இரண்டேகால் நிமிடம் கிடைக்கிறது; படிக்கும் நேரமும் அதில் அடக்கம். இரண்டாம் பகுதியில், கொடுக்கப்படும் மூன்று தலைப்புகளில் ஒன்றைப் பற்றி 40 நிமிடத்தில் கட்டுரை எழுத வேண்டும். முதற்பகுதிக்கே மதிப்பெண் தரப்படும். கட்டுரையைப் பல்கலைக்கழகங்கள் நேராகப் படித்துப் பார்க்கும்.

இதற்குச் சட்ட அறிவு தேவையில்லை. ஒருவர் சொல்வது என்ன, அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன, காரணமும் முடிவும் பொருந்துகின்றனவா என்று ஆராயும் திறனே சோதிக்கப்படுகிறது. இது நம்மவர்க்குப் புதிதன்று. கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேச்சாளர் ஒருவர் கைத்தட்டல் வாங்கினாலும், அவர் சொன்ன காரணம் நிற்குமா நிற்காதா என்று வீடு திரும்பும் வழியில் விவாதிக்கிறோம் அல்லவா? அதே விவாதத்தைப் பிள்ளையோடு நாள்தோறும் நடத்துங்கள். செய்தித்தாளில் ஒரு கட்டுரையைப் படிக்கச் சொல்லி, எழுதியவர் என்ன சொல்கிறார், நீ ஏற்கிறாயா, ஏன் என்று கேளுங்கள். வீட்டில் தமிழில் நடக்கும் இந்த உரையாடல் ஆங்கிலத் தேர்வுக்கும் உரமாகும். ஆங்கில வாசிப்பைப் பிள்ளை தனியே நாள்தோறும் செய்து வர வேண்டும்.

சிங்கப்பூர் சென்று எழுதுவோர்க்கு

சிங்கப்பூரில் தேர்வு எழுதவோ நேர்காணலுக்கோ செல்பவர் ஒரு நாள் முன்னதாகச் செல்வது நலம். காலை மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு குடிநுழைவுச் சோதனைகளைக் கடந்து, பத்து மணித் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளை களைத்துப் போயிருக்கும். கடப்பிதழ் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் பக்கத்தை நம்ப வேண்டாம்.

ஜொகூர் பாரு லார்க்கினிலிருந்து செல்லும் 170ஆம் எண் பேருந்து குயின் ஸ்திரீட் நிலையத்தில் சென்று முடிகிறது. அங்கிருந்து தேக்காவும் சிராங்கூன் சாலையும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. லிட்டில் இந்தியா எனப்படும் அவ்வட்டாரத்தில் தமிழ் பேசினாலே வழி சொல்வார்கள். நம் நாக்குக்கு ஏற்ற உணவும் கிடைக்கும். லிட்டில் இந்தியா இரயில் நிலையத்திலிருந்து வடகிழக்குப் பாதையில் அடுத்த நிலையமான தோபி காட்டில் இறங்கினால், நிர்வாகப் பல்கலைக்கழகத்திற்கு நடந்தே போகலாம். மற்ற இடங்களுக்குச் செல்வோர் அழைப்பில் உள்ள முகவரியைப் பார்த்து, முதல் நாள் மாலையே ஒரு முறை சென்று இடத்தைக் கண்டு வருவது நல்லது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி.

தேர்வு நாளன்று குறித்த நேரத்திற்கு அரைமணி முன்பாக மையத்தில் இருக்க வேண்டும். அச்சிட்ட உறுதிச் செய்தியும் கடப்பிதழும் கையில் இருக்கட்டும். கைத்தொலைபேசி, பை முதலியவற்றை உள்ளே கொண்டு செல்ல அனுமதி இல்லை.

செலவை மறைக்க வேண்டாம்

நம்பிக்கை ஊட்டுவது நமது கடமை. உண்மையைச் சொல்வதும் நமது கடமை. சட்டக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பிரிட்டனுக்குச் சென்று படிப்பது பெருஞ்செலவு; உபகாரச் சம்பளம் இன்றி அதை நினைக்க இயலாது. சிங்கப்பூரிலும் வெளிநாட்டு மாணவர்க்குக் கட்டணம் கூடுதல். அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியத்தைப் பெற்றால் சுமை குறையும். ஆனால் மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டும். கையெழுத்திடும் முன் அதன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அதுவே முதல் பாடம்.

எல்லா முட்டைகளையும் அடைகாக்க ஒரே கோழியை நம்பவும் வேண்டாம். சிங்கப்பூருக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய காலத்தில் விண்ணப்பித்து வைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972ஆம் ஆண்டிலிருந்து கோலாலம்பூரிலேயே சட்டக் கல்வி நடந்து வருகிறது. பெயரைச் சரிபார்த்தல், மின்னஞ்சலைக் கவனித்தல், இறுதி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல் ஆகியவை எந்தக் கல்லூரிக்கும், எந்தப் படிப்புக்கும் பொருந்தும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். நான்காம் படிவத்திலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்கட்டும். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு நகல், கடப்பிதழ், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை மழைநீர் படாத உறையில் இட்டு அதில் வையுங்கள். சுவரில் உள்ள நாட்காட்டியில் பதிவு தொடங்கும் நாளையும், இறுதி நாளையும், தேர்வு நாளையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். தேர்வு நாளன்று உடன் செல்பவர் யார், அதற்கு எந்த நாளில் விடுப்புக் கேட்க வேண்டும் என்பதையும் முன்னரே முடிவு செய்து கிராணியிடம் சொல்லி வையுங்கள்.

வாரம் ஒரு முறை பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "கடிதம் ஏதும் வந்திருக்கிறதா? கெடு எப்பொழுது?" இவ்விரண்டு கேள்விகளும் ஒரு முழு ஆண்டைக் காப்பாற்றக்கூடும். தேர்வு அறைக்குள் பிள்ளை தனியாகத்தான் அமர வேண்டும். அந்த அறையின் வாயில்வரை வழி தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நம் அனைவர்க்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை நீங்கள் சிறப்பாக ஆற்றுவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.